காட்டுப் பன்றிக் கறியும் கோமதியின் தங்கமும்

எங்கள் திருநீர்மலையின் விசேஷம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பெருமாள் இங்கே நாலு கோலத்தில் சேவை சாதிக்கிறார். அடிவாரத்தில் நீர்வண்ணராக நின்றபடி. மலைமேல் நரசிம்மராக உட்கார்ந்தபடி, ரங்கநாதராகப் பள்ளிகொண்டபடி, உலகளந்த பெருமாளாக நடந்தபடி. (சினிமாவில் ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்ளும் ஜோடிகள் ஓடி வருகிற ஊரும் இதுதான்!)

அபசாரம் என்று யாரும் கோபித்துக்கொள்ளாவிட்டால் ஒன்று சொல்கிறேன். கொஞ்ச வருஷமாக எங்கள் ஊர்த் தெருக்களில் ஐந்தாவதாக ஒரு கோலம் சேர்ந்திருக்கிறது. இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து ஒரு ஜாண் தள்ளி வைத்துக்கொண்டு, அக்குளில் ஆளுக்கு ரெண்டு தேங்காய் இடுக்கிய மாதிரி நடப்பது. ஜிம் பையன்கள்! பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், குரோம்பேட்டை, தாம்பரம்... எங்கே திரும்பினாலும் டீக்கடைக்குப் போட்டியாக ஜிம். நல்ல விஷயம்தானே? டாஸ்மாக் வாசலில் நிற்பதைவிடத் தண்டால் எடுப்பது எவ்வளவோ மேல் என்றுதான் நானும் இருந்தேன், எங்கள் தெருப் பையன் ஒருவன் என்னிடம் பேசுகிற வரைக்கும். இருபது வயசு. பேர் வேண்டாம், அவன் அம்மா வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பவர்.

"அங்கிள், அடுத்த மாசத்துலேர்ந்து சைக்கிள் போடப்போறேன்."

"நல்லதுப்பா. பல்லாவரம் ஸ்டேஷன் வரைக்கும் போய்ட்டு வா. முட்டிக்கு நல்லது."

என்னைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அந்த சைக்கிள் இல்ல அங்கிள். ஊசி சைக்கிள். எட்டு வாரம் போடணும். டெக்கான்னு பேரு."

டெக்கா என்பது ஜிம் பாஷை. மருந்தின் பேர் நான்ட்ரோலோன் டெக்கனோயேட். ஸ்டீராய்டு. வேண்டாம்டா என்றேன். அதற்கு அவன் ஒரு கேள்வி கேட்டான் பாருங்கள்...

"ஹெவிவெயிட் பாக்ஸர் அத்தனை பேரும் போடுறான் அங்கிள். மாட்டினவனும் சாம்பியனாத்தான் இருக்கான், கோடி கோடியா சம்பாதிக்கிறான். நான் போட்டா மட்டும் தப்பா?"

பாதி உண்மையும் பாதி புளுகும் கலந்த கேள்வி. அந்த மாதிரி கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. அதனால் உட்கார்ந்து படித்தேன். படித்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

பந்தியில் அளவு சாப்பாடு இல்லை!

முதல் சமாசாரம். ஸ்டீராய்டு என்றதும் ஏன் ஹெவிவெயிட்காரர்கள் மேல் கண் போகிறது? மற்ற எடைப் பிரிவுகளில் மேல் எல்லை உண்டு. அரைக் கிலோ கூடினாலும் சிக்கல். எடை பார்க்கிற நாள் வரைக்கும் பட்டினி, வியர்வை, வாயில் தண்ணீர்கூட ஊற்ற மாட்டார்கள். தொழில்முறை ஹெவிவெயிட்டில் 200 பவுண்டுக்கு, அதாவது ஏறக்குறைய 91 கிலோவுக்கு மேல் இருந்தால் போதும். அதற்கு மேல் எல்லையே கிடையாது. மற்றவர்களுக்கு அளவு சாப்பாடு, இவர்களுக்குக் கல்யாணப் பந்தி! உடம்பு பெருக்கப் பெருக்க லாபம் என்கிற ஒரே பிரிவு இதுதான்.

அந்தக் காலத்து ராக்கி மார்சியானோ சுமார் 84 கிலோ. ஜோ லூயி சுமார் 90. 1964-ல் சோனி லிஸ்டனை வீழ்த்திப் பட்டம் வாங்கியபோது முகம்மது அலி சுமார் 95 கிலோ. 2020-ல் டியான்டே வைல்டரை அடித்துப் பட்டம் வாங்கிய டைசன் ஃப்யூரி சுமார் 124 கிலோ!

அலியை நம்ம ஊர்க்காரர்கள் நேரிலேயே பார்த்திருக்கிறார்கள். 1980-ல் சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் கண்காட்சிச் சண்டை போட்டார். அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் இன்றைக்கும் அவர் உயரத்தைச் சொல்லும்போது கையைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவார்கள். அந்த அலியைவிட இன்றைய ஆட்கள் முப்பது கிலோ கூட.

எடை கூடியதாலேயே ஊசி என்று சொல்லிவிட முடியாது. ஃப்யூரி 6 அடி 9 அங்குலம். பிறந்த உயரத்துக்கு யாரும் ஊசி போட முடியாது. சாப்பாடும் பயிற்சியும் மாறியிருக்கின்றன. சந்தேகம் வேறு, சாட்சி வேறு. ஆனால் சாட்சியே கிடைத்த கேஸ்களும் இருக்கின்றன.

காது கடிபட்டவரின் பெயர்

முதலில் சந்தேகக் கேஸ். 1997-ல் மைக் டைசன் காதைக் கடித்தாரே, அந்த இவாண்டர் ஹோலிஃபீல்ட். குறைந்த எடைப் பிரிவில் சாம்பியனாக இருந்து, உடம்பை ஏற்றிக்கொண்டு ஹெவிவெயிட்டுக்கு வந்தவர். 2007-ல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஒரு மருந்துக் கடை விவகாரத்தை அதிகாரிகள் தோண்டியபோது, 'இவான் ஃபீல்ட்ஸ்' என்ற பெயர் கிடைத்தது. பிறந்த தேதி ஹோலிஃபீல்டின் தேதியேதான்! தான் ஸ்டீராய்டு எடுத்ததே இல்லை என்று அவர் மறுத்தார். எந்தப் பரிசோதனையிலும் அவர் மாட்டியதும் இல்லை. ஆகவே அது சந்தேகமாகவே நின்றுவிட்டது. நாமும் அங்கேயே நிறுத்திக்கொள்வோம்.

ஒரே மருந்து, மூன்று சாக்கு

இனி மாட்டிய கேஸ்கள். எங்கள் தெருப் பையன் சொன்ன அதே டெக்காவின் மூலமருந்து நான்ட்ரோலோன்தான் மூன்றிலும்.

1995 டிசம்பர். தென்னாப்பிரிக்காவின் ஃபிரான்ஸ் போத்தா. பட்டப்பெயர் 'வெள்ளை எருமை' (நான் வைத்ததில்லை சார்!). ஜெர்மனியில் ஆக்ஸல் ஷுல்ஸை வென்று ஐ.பி.எஃப். பட்டத்தை வாங்கினார். சிறுநீரில் நான்ட்ரோலோன். கையில் அடிபட்டதற்கு டாக்டர் கொடுத்த மருந்து என்றார். எடுபடவில்லை. பட்டம் பறிபோனது.

2005 ஏப்ரல். நியூயார்க்கில் ஜேம்ஸ் டோனி, ஜான் ரூயிஸை வென்றார். மறுபடியும் நான்ட்ரோலோன். இவருக்கும் கையில் காயம், இவருக்கும் சிகிச்சை. (குத்துச்சண்டைக்காரர்களின் கைக்கு என்னமோ அப்படி ஒரு ராசி.) சண்டை செல்லாது என்று அறிவித்தார்கள். தண்டனை என்ன தெரியுமா? 90 நாள் தடை, பத்தாயிரம் டாலர் அபராதம். நம்ம வீட்டில் மாம்பழ சீஸன் முடிவதற்குள் தடை முடிந்துவிடும்.

மூன்றாவது ஃப்யூரி. 2015 பிப்ரவரியில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் தடயம். அதே வருஷம் நவம்பரில் விளாடிமிர் கிளிச்கோவை வென்று உலக சாம்பியன் ஆகிவிட்டார். 2016-ல்தான் பிரிட்டனின் ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு குற்றம் சாட்டியது. ஃப்யூரி தரப்பு சொன்ன விளக்கம்: காயடிக்காத காட்டுப் பன்றிக் கறி சாப்பிட்டேன்!

சிரிக்காதீர்கள். காயடிக்காத பன்றியின் உடம்பில் நான்ட்ரோலோன் இயற்கையாகவே உண்டு. அதன் ஈரல், குடல் என்று சாப்பிட்டால் சிறுநீரில் கொஞ்சம் தடயம் வரலாம் என்பதை ஆய்வுக்கூடத்துக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். வக்கீல்கள் மோதினார்கள். 2017 டிசம்பரில் சமரசம். இரண்டு வருஷத் தடை, ஆனால் 2015 டிசம்பரிலிருந்தே கணக்கு! ஆக, தீர்ப்பு வந்த அன்றைக்கே தண்டனை முடிந்துபோனது. 2018-ல் திரும்ப மேடை ஏறினார். 2020-ல் மறுபடி சாம்பியன். தெரிந்து எதையும் எடுக்கவில்லை என்பதுதான் கடைசி வரை அவர் சொன்னது.

பையன் சொன்னதில் பாதி உண்மை என்றேனே, அது இதுதான்.

அதே மருந்து, நம்ம ஊர்ப் பெண்

மீதிப் பாதியைச் சொல்ல நான் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போக வேண்டியதில்லை. திருச்சிக்குப் போனால் போதும்.

கோமதி மாரிமுத்துவை மறந்திருக்க மாட்டீர்கள். திருச்சி பக்கத்து முடிகண்டம் கிராமம். விவசாயக் கூலி வீட்டுப் பெண். 2019 ஏப்ரல் 22, தோஹாவில் ஆசிய தடகளப் போட்டி, 800 மீட்டர். கடைசி மீட்டர்களில் சீனப் பெண்ணைத் தாண்டி 2 நிமிஷம் 2.70 விநாடியில் தங்கம்! கிழிந்த ஷூவோடு ஓடிய பெண் என்று தமிழ்நாடே கொண்டாடியது. கட்சிகள் போட்டி போட்டுக்கொண்டு பரிசு அறிவித்தன. மகளுக்கு மிச்சம் வைக்க வேண்டும் என்று அப்பா மாட்டுத் தீவனத்தைச் சாப்பிட்ட கதையை அவர் சொன்னபோது, டி.வி. முன்னால் என் வீட்டில் யாரும் பேசவில்லை.

ஒரு மாசம்கூட அந்தச் சந்தோஷம் நிற்கவில்லை. அந்த வருஷம் மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் எடுத்த மாதிரியில் நான்ட்ரோலோன் என்று மே மாதம் செய்தி வந்தது. மற்ற மாதிரிகளிலும் அதேதான். வாழ்க்கையில் தடை செய்யப்பட்ட மருந்து எதையும் தொட்டதில்லை என்று கோமதி மறுத்தார். 2020-ல் தீர்ப்பு. நாலு வருஷத் தடை. தங்கம் பறிக்கப்பட்டது. அந்தச் சீனப் பெண் முதலிடத்துக்குப் போனார். தடை 2023 மே மாதம் முடிந்தபோது கோமதிக்கு வயது 34. எண்ணூறு மீட்டர் ஓடுகிறவருக்கு அந்த நாலு வருஷம் திரும்பக் கிடைக்குமா?

அவர் குற்றவாளியா, நிரபராதியா என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. விதி ரொம்பக் கறார்: உடம்புக்குள் எது இருந்தாலும் ஓடியவர்தான் பொறுப்பு. யார் கொடுத்தார், தெரிந்தா தெரியாமலா என்பதெல்லாம் அவரே நிரூபிக்க வேண்டியது. அந்தக் கறாரில் எனக்குக் குறையில்லை, இல்லாவிட்டால் நேர்மையாக ஓடுகிறவர்களுக்கு நாதியில்லை. ஆனால் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்ட்ரோலோனுக்கு டோனிக்கு 90 நாள். ஃப்யூரிக்கு ஏற்கெனவே கழிந்துபோன இரண்டு வருஷம். முடிகண்டத்துப் பெண்ணுக்கு நாலு வருஷம்.

காரணம் இருக்கிறது. தடகளத்தில் உலகம் முழுக்க ஒரே சட்டம், 2015-லிருந்து ஸ்டீராய்டுக்குப் பொதுவாக நாலு வருஷம். தொழில்முறைக் குத்துச்சண்டையில் எஜமானர்கள் நாலைந்து பேர். பட்டம் கொடுக்கும் சங்கங்கள் தனி, அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் கமிஷன் தனி. திடீர்ப் பரிசோதனைக்கென்று வாடா என்ற தன்னார்வ அமைப்பு 2011-ல்தான் வந்தது. (நம்ம காதுக்கு 'வாடா' என்று கூப்பிடுகிற மாதிரி கேட்கிறது. வர விரும்புகிறவர்கள் வரலாம் என்பதுதான் ஏற்பாடும்!) போதாததற்கு நல்ல வக்கீல், நல்ல டாக்டர், பல கோடி டாலர் சண்டை ஒப்பந்தம். இந்தக் குடையெல்லாம் ஹெவிவெயிட்டுக்கு உண்டு. நம்ம பிள்ளைகளுக்கு மழையில் நிற்க வேண்டியதுதான்.

ஒத்தை ஆள் ஓடிய பந்தயம்

அதற்காக நம்மவர்கள் எல்லோரும் பச்சைப்பிள்ளைகள் என்று நினைத்துவிடாதீர்கள். 2024-ல் இந்தியாவில் 7,113 மாதிரிகள் சோதித்ததில் 260-ல் ஊக்கமருந்து. உலகப் பட்டியலில் தொடர்ந்து மூன்றாவது வருஷமாக நாம் முதலிடம். ஒலிம்பிக்கில் வராத முதலிடம் இதிலாவது வந்ததே என்று சிரிப்பதா, அழுவதா?

2023 செப்டம்பரில் டெல்லி மாநில தடகளப் போட்டியின் கடைசி நாளில் நடந்ததைக் கேளுங்கள். சோதனை அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்ற தகவல் பரவியது. அவ்வளவுதான், மைதானம் காலி! ஆண்கள் 100 மீட்டர் இறுதிப் போட்டியில் ஓடியது ஒரே ஒரு ஆள். இன்னொரு பந்தயத்தில் ஒரு இளம் வீராங்கனை எல்லைக் கோட்டைத் தாண்டியும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தாராம், அதிகாரி பின்னாலேயே ஓடினாராம். மைதானத்தின் கழிப்பறையில் சிரிஞ்சுகள் கிடந்த படம் ஊரெல்லாம் சுற்றியது.

அது மாநிலப் போட்டி. தேசிய அணிக்குக்கூட இன்னும் வராத பிள்ளைகள். ஊசி அந்த அளவுக்குக் கீழே இறங்கிவிட்டது. அங்கிருந்து எங்கள் தெரு ஜிம்முக்கு எத்தனை தூரம்?

சோதனையே இல்லாத பரீட்சை

குரோம்பேட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். பேர் போடாதீங்க என்றார். போடவில்லை.

"நான்ட்ரோலோன் கெட்ட மருந்து இல்ல சார். ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், அந்த மாதிரி கேஸுக்கு அளவா குடுக்கறதுதான். ஜிம் பசங்க போடற டோஸ் வேற, நோக்கம் வேற."

"போட்டா என்னதான் ஆகும் டாக்டர்?"

"வெளியிலேர்ந்து ஆண் ஹார்மோன் வந்து கொட்டினா, உடம்பு தன் தயாரிப்பை நிறுத்திடும். முதலாளி வெளியில சரக்கு வாங்க ஆரம்பிச்சா பாக்டரிய மூடற மாதிரி. விதை சுருங்கும், விந்தணு குறையும். சில பசங்களுக்கு மார்பு பெண்களுக்கு மாதிரி வீங்கும். ஆம்பளைத்தனத்துக்காகப் போட்ட ஊசி எங்க கொண்டுபோய் விடுது பாருங்க! நல்ல கொழுப்பு குறைஞ்சு கெட்ட கொழுப்பு ஏறும், ரத்த அழுத்தம் ஏறும், இதயத் தசை தடிக்கும். மாத்திரையா சாப்பிட்டா ஈரலுக்கும் கேடு. வளர்ற வயசுப் பசங்க போட்டா எலும்பு முனை சீக்கிரம் மூடிக்கும், உயரம் அதோட நின்னுடும்."

"நிறுத்தினா?"

"அதுதான் பெரிய தொல்லை. பாக்டரி உடனே திறக்காது. மாசக்கணக்கா சோர்வு, மனச்சோர்வு. உடம்பு வத்தற மாதிரி தெரியும். பயந்துபோய் திரும்ப ஊசி. சைக்கிள்னு சும்மாவா பேரு வச்சான்? சுத்திச் சுத்தி அங்கேயே வரும்."

இந்தப் பக்கத்து ஜிம் மாஸ்டர் ஒருவரிடமும் பேசினேன். இருபது வருஷமாக இதே தொழில். நேராகவே கேட்டேன்.

"இல்லைன்னு சொன்னா பொய் சார். நான் குடுக்கறதில்ல. ஆனா 'மூணு மாசத்துல ஆர்ம்ஸ் வரணும், தங்கச்சி கல்யாணம் வருது'ன்னு வர்றான். ரெண்டு வருஷம் ஆகும் தம்பின்னு சொன்னா அடுத்த ஜிம்முக்குப் போயிடறான். ஊசி எங்கேர்ந்து வருது, உள்ள என்ன இருக்கு, ஒருத்தனுக்கும் தெரியாது. பாட்டில் மேல ஒட்டியிருக்கிற பேர நம்பித்தான் போட்டுக்கறான்."

டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்து இது. கையிலிருந்து கைக்குப் போகிற சரக்குக்கு ஏது சீட்டு?

எங்கள் தெருப் பையனிடம் இதையெல்லாம் சொன்னேன். ஹெவிவெயிட்காரருக்குப் பரிசோதனை உண்டு, ரத்தம் பார்க்கக் கூடவே டாக்டர் உண்டு, வாதாட வக்கீல் உண்டு. உனக்கு எந்த அதிகாரியும் வந்து சோதனை பண்ண மாட்டார், ரிசல்ட் மட்டும் நேராக வரும் என்றேன். ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டான். "டாக்டரப் பாத்து ஒரு தடவ பேசலாமா அங்கிள்?" என்று கேட்டான். நம்பர் கொடுத்திருக்கிறேன்.

தொப்பைக்காரர் கொடுத்த அடி

கடைசியாக ஒரு கதை. 2019 ஜூன் 1, நியூயார்க். சாம்பியன் ஆண்டனி ஜோஷுவாவுடன் மோத வேண்டியவர் ஜாரல் மில்லர். அதற்கு முன்னால் நடந்த சோதனைகளில் ஒன்றல்ல, மூன்று தடை மருந்துகள் மில்லர் உடம்பில்! தவறு செய்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டார். வாய்ப்பு போச்சு. அவசரத்துக்கு ஒரு ஆளைப் பிடித்தார்கள். ஆண்டி ரூயிஸ். தொப்பை பெல்ட்டுக்கு மேலே வழியும், மாமா கல்யாணத்துக்கு வந்திருக்கிறார் என்று தோன்றும். ஜோஷுவாவோ செதுக்கி வைத்த சிலை.

ஏழாவது ரவுண்டில் சண்டை முடிந்தது. நாலு தடவை கீழே விழுந்தது சிலை! (ஆறே மாசத்தில் நடந்த மறு சண்டையில் ரூயிஸ் தோற்றார். தொப்பையை இன்னும் வளர்த்துக்கொண்டு வந்ததுதான் காரணம். அதற்கு எந்த ஊசியையும் குறை சொல்ல முடியாது, விருந்துதான்.)

உங்கள் வீட்டிலும் ஜிம்முக்குப் போகிற பிள்ளை இருந்தால் திட்டாதீர்கள், உடற்பயிற்சியை நிறுத்தாதீர்கள். ஆனால் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டே மாசத்தில் சட்டை பத்தாமல் போகிறதா? முதுகிலும் தோளிலும் திடீரென்று பரு கொட்டுகிறதா? சும்மா கூப்பிட்டதற்கே எரிந்து விழுகிறானா? ஃபிரிட்ஜிலோ பீரோவிலோ லேபிள் புரியாத சின்ன பாட்டில் இருக்கிறதா? இருந்தால் பாட்டிலைத் தூக்கி எறிந்து சண்டை பிடிப்பதற்கு முன்னால் பாட்டிலோடும் பையனோடும் ஒரு டாக்டரிடம் போய் உட்காருங்கள். பாதியில் சட்டென்று நிறுத்துவதற்கும் வைத்தியம் தேவைப்படலாம்.

அப்படி ஒன்றும் இல்லை, வெறும் தண்டாலும் முட்டையும்தான் என்றால் சந்தோஷம். முட்டை விலையை மட்டும் சமாளித்துக்கொள்ளுங்கள்!